தாகூர் வீட்டுப் பள்ளிக்கூடம்

இரவீந்திரநாத் தாகூரைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற கட்டுரைகளுள் பெரும்பாலானவை 1913ஆம் ஆண்டில் அவர் பெற்ற நோபல் பரிசையும் கீதாஞ்சலியையும் சுற்றியே அமைகின்றன. அவர் பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கி வீட்டிலேயே கற்றவர் என்பதும், தம் மக்களையும் சில ஆண்டுகள் வீட்டிலேயே கற்பித்தவர் என்பதும் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடக்கப்படுகின்றன. வீட்டில் கற்கும் பிள்ளைக்குக் கல்வி நிரம்பக் கிடைத்தாலும் தோழமை கிடைப்பது அரிது. அந்த அருமையை இளமையிலேயே பட்டறிந்த ஒருவர், தாம் தந்தையானபோது என்ன செய்தார் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் இருந்த தாகூர் மாளிகை மக்கள் நிறைந்த மாளிகை. அண்ணன்மார், அண்ணியர், அவர்தம் மக்கள், உறவினர், ஏவலர் என எப்போதும் ஆரவாரம் மிக்கது. அவ்வில்லத்தில் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிறந்த இரவீந்திரர், தேவேந்திரநாத் தாகூர், சாரதா தேவி இணையரின் மக்களுள் எஞ்சியோரில் இளையவர். தந்தையார் பெரும்பாலும் பயணத்திலேயே இருந்தார். அன்னையார் பெரிய குடும்பத்தின் பொறுப்பைச் சுமந்து நலிந்திருந்தார். ஆகவே சிறுவன் ஏவலர் கையில் வளர்ந்தான். அவர்களுள் சியாம் என்பவன் சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் சிறுவனை அமர்த்தி, கோட்டைத் தாண்டினால் பெருந்தீங்கு நேரும் என்று அச்சுறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இலக்குமணன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்ததை அறிந்திருந்த சிறுவனும் அதனைத் தாண்டவில்லை. சன்னலின் வழியே குளத்தையும், அதில் நீராட வருவோரையும், கரையில் நின்ற ஆலமரத்தையும் பார்த்தவாறே பகற்பொழுது கழியும்.

அவ்விளமைப் பருவத்தில் அவர் ஆடிய ஆட்டம் ஒன்றை அவரே தம் நினைவு நூலில் பதிந்திருக்கிறார். தாழ்வாரக் கிராதியின் மரக்கம்பிகள் அவருக்கு மாணாக்கர். கையில் ஒரு பிரம்பு. அக்கம்பிகளுள் நல்ல மாணவரும் உண்டு, தீய மாணவரும் உண்டு. தீயவர் மீது பிரம்படி ஓயாது விழும். பிற்காலத்தில் பிரம்பே இல்லாத பள்ளி ஒன்றைக் கண்டவர் முதன்முதலில் நடத்திய வகுப்பு இதுதான். இதனை வேடிக்கை என்று கொள்வார் கொள்ளலாம். பேசாத கம்பிகளோடு பேசிய பிள்ளைக்குப் பேசுவதற்கு வேறு எவரும் இலர் என்பதே என் மனத்தில் நிற்கிறது.

பள்ளிக்கூடங்கள் இக்குறையைத் தீர்த்திருக்கலாம், தீர்க்கவில்லை. ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாதெமி, செயின்ட் சேவியர்ஸ் எனப் பள்ளிகள் மாறின. நார்மல் பள்ளியில் உடன் பயின்ற சிறுவரின் பேச்சும் நடத்தையும் அவருக்கு ஒவ்வாமையால், இடைவேளைகளில் மாடிச் சன்னலோரம் தனித்தமர்ந்து, இன்னும் எத்தனை ஆண்டுகள் இப்படிக் கழியுமோ என்று எண்ணிக்கொண்டிருப்பார். ஆசிரியர் ஒருவருடைய இழிசொற்களைப் பொறாது, அவர் கேட்ட வினா எதற்கும் விடையிறுக்காமல் ஆண்டு முழுவதும் வகுப்பின் கடைக்கோடியில் மௌனமாகவே இருந்தார். ஆண்டிறுதியில் வங்க மொழித் தேர்வில் அவரே முதலிடம் பெற்றார். அந்த ஆசிரியர் ஐயுற்று முறையிட, மீண்டும் தேர்வு நடந்தது. மீண்டும் முதலிடம் அவருக்கே.

வீட்டுக் கல்வியோ கடுமையானது. அண்ணன் ஹேமேந்திரநாத் அதனை மேற்பார்த்தார். வைகறையில் மற்போர்ப் பயிற்சி, அழுக்கேறிய உடல்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கணக்கு, வரலாறு, இலக்கியம், மருத்துவ மாணவர் ஒருவர் வந்து, கம்பியால் பிணைத்துத் தொங்கவிட்ட எலும்புக்கூட்டைக் காட்டி உடலமைப்பைக் கற்பிப்பார், மாலையில் ஓவியம், உடற்பயிற்சி, விளக்கேற்றியபின் ஆங்கிலம். மழை கொட்டித் தெருவெல்லாம் வெள்ளமாகும் நாளில், இன்று ஆங்கில ஆசிரியர் வாரார் என்று சிறுவனின் உள்ளம் துள்ளும்; தெருமுனையில் அவருடைய கருங்குடை தோன்றும். இக்கல்வியின் சிறப்பு ஒன்று உண்டு. அந்நாளைய பெருங்குடும்பங்களின் வழக்கத்துக்கு மாறாக, ஹேமேந்திரநாத் ஆங்கிலத்துக்கு முன்னர்த் தாய்மொழியில் அனைத்தையும் கற்பிக்கச் செய்தார். 1892இல் தாகூர் எழுதிய கல்விக் கட்டுரையில் தாய்மொழிவழிக் கல்விக்காக வாதாடியதன் வேர் இங்கே இருக்கிறது. மொழிப்பேராசிரியர்கள் ஹேமேந்திரநாத்தை இன்னும் சற்று நினைக்கலாம்.

சிறுவனின் தனிமைக்கு இரு வாயில்கள் திறந்தன. 1868இல் அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் மனைவியாக அவ்வீட்டிற்குள் வந்த காதம்பரி, இவரைவிட ஓரிரண்டு வயதே மூத்த சிறுமி. விளையாட்டுத் தோழியாகத் தொடங்கிய அவ்வுறவு, அவர் எழுதியதை முதலில் கேட்டுக் குறைகூறும் சுவைஞரின் உறவாக முதிர்ந்தது. 1884இல் காதம்பரி தம் உயிரை மாய்த்துக்கொண்டது தாகூரின் வாழ்வில் ஆறாத புண். மற்றொரு வாயில் தந்தையார். 1873இல், பூணூல் சடங்கு முடிந்தபின், பதினொரு வயது மகனைப் போல்பூருக்கும், அங்கிருந்து அமிர்தசரஸ் வழியாக இமயமலையின் டல்ஹௌசிக்கும் அழைத்துச் சென்றார். வடமொழியும் ஆங்கிலமும் விண்மீன்களின் பெயரும் தந்தையே கற்பித்தார். செலவுப் பணத்தை மகனிடம் கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னார். தம் பொற்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். மகனின் மிகுந்த அக்கறையால் அக்கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குச் செப்பனிட அனுப்பப்பட்டது. தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. மலைச்சரிவுகளில் கையில் கோலுடன் தனியே திரியவும் விட்டார். சுண்ணக்கட்டி வட்டத்திலிருந்து இமயத்தின் சரிவுக்கு வந்துசேர்ந்த பிள்ளை, அதன்பின் பள்ளி வாங்குப்பலகையில் அமர இசையாதது வியப்பன்று.

1883இல் தாகூர் மிருணாளினியை மணந்தார். மாதுரிலதா (1886), ரதீந்திரநாத் (1888), ரேணுகா (1891), மீரா (1894), சமீந்திரநாத் (1896) என மக்கள் ஐவர். மூத்தவளை வீட்டில் பேலா என்று அழைத்தனர். ஓயாது பேசும் பேலாவே 1892இல் எழுதப்பெற்ற ‘காபூலிவாலா’ கதையின் மினிக்கு மாதிரி. அக்கதையை நாம் தந்தைப் பாசத்தின் கதையாகவே கற்பித்து வருகிறோம். வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிறுமி தெருவில் செல்லும் அயலான் ஒருவனைத் தானே கூவி அழைத்து நட்பாக்கிக்கொள்ளும் கதையாகவும் அதனைப் படிக்கலாம்.

கூட்டுக் குடும்பத்தின் பூசல்களுக்கு நடுவே தம் மக்கள் வளர்வதைத் தாகூர் விரும்பவில்லை. குடும்பத்தின் நிலவுரிமையைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதற்கு நடுவிடமாகிய ஷிலைதாவுக்கு, பத்மா நதியின் அருகே, 1898ஆம் ஆண்டளவில் மனைவி மக்களுடன் குடிபெயர்ந்தார். இன்று அவ்வூர் வங்காளதேசத்தின் குஷ்டியா மாவட்டத்தில் உள்ளது. அங்குதான் அவருடைய வீட்டுப் பள்ளி நடந்தது. சிவதன் வித்யார்ணவர் வடமொழி கற்பித்தார். கணக்கும் அறிவியலும் ஜகதானந்த ராய் பொறுப்பு. ஆங்கிலம் கற்பிக்க வந்த லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயருக்குப் பாடத்தைவிடப் பட்டுப்புழு வளர்ப்பில் பித்து மிகுதி. வங்க இலக்கியம் தந்தையின் பங்கு. ஆண்மக்களோடு பெண்மக்களும் சேர்ந்தே கற்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஜோராசாங்கோவில் தாம் பெறாத பெற்றோரின் அண்மையைத் தம் மக்களுக்குத் தாகூர் தந்தார். ஆறும் மணல்திட்டும் படகும் தந்தார். ஆயினும் உடன்பிறந்தாரைத் தவிர ஒத்த வயதினர் இலர். நிலக்கிழாரின் பிள்ளைகளுக்கும் குடியானவரின் பிள்ளைகளுக்கும் இடையே சுவர் இல்லாமலே ஒரு சுவர் இருந்தது. இத்தனிமையை ஓரளவு போக்கியவர், கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியரும் தாகூரின் நண்பருமான ஜகதீச சந்திர போஸ். வார இறுதிகளில் வருவார்; வரும்போதெல்லாம் நண்பர் ஒரு புதிய சிறுகதையைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஆனால் பகலெல்லாம் அவர் சிறுவன் ரதீந்திரனுக்கே உரியவர். மணல்திட்டில் ஆமையின் சுவட்டைப் பின்பற்றி, முட்டைகள் புதைந்த இடத்தைக் கண்டறியச் சிறுவனுக்குக் கற்றுக்கொடுத்தார். உலகறிந்த அறிவியலாளர் பத்து வயதுப் பிள்ளையின் தோழராக ஆற்றங்கரையில் அலைந்தார்.

எனினும் தந்தையின் நண்பர் பிள்ளையின் நண்பர் ஆகிவிட முடியாது. தாகூர் இதனை உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன். ரதீந்திரனுக்குப் பதின்மூன்று வயதானபோது, பிறரைப் போல மகனைக் கல்கத்தாப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டுப் பள்ளியின் கதவைப் பிறர் பிள்ளைகளுக்குத் திறந்தார். தந்தையார் போல்பூர் அருகே 1863இல் நிறுவிய சாந்திநிகேதன் ஆசிரமத்தில் 1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பள்ளி தொடங்கியது. மாணவர் ஐவர், அவருள் ஒருவர் ரதீந்திரநாத். ஜகதானந்த ராயும் ஆசிரியராக வந்து சேர்ந்தார். வகுப்பு மரநிழலில், எளிய உணவு, தொடக்கத்தில் கட்டணமும் இல்லை. பூரியில் இருந்த கடற்கரை வீட்டைத் தாகூர் விற்றார். மிருணாளினி தம் நகைகளைக் கழற்றித் தந்தார். பிறர் பெற்ற பிள்ளைகளுக்கும் தம் கையால் சமைத்துப் போட்டார். பழந்தவச்சோலையின் மீட்சி என்று இப்பள்ளியை அறிஞர் போற்றுவர், அதுவும் உண்மையே. தம் மகனுக்கு உடன்பயிலும் தோழர் வேண்டும் என்ற ஒரு தந்தையின் தேவையும் அதற்குள் இருந்தது.

இங்கு ஒரு கேள்வி எழாமல் இராது. பெண்மக்கள் எங்கே? பள்ளி தொடங்கிய அதே 1901ஆம் ஆண்டில், சில மாதங்களுக்கு முன்னரே, பேலாவுக்குப் பதினான்கு வயதிலும் ரேணுகாவுக்குப் பத்து வயதிலும் திருமணம் முடிந்துவிட்டது. பேலாவின் திருமணத்தில் வரதட்சணைப் பேச்சால் தாகூர் அடைந்த தாழ்வு சிறிதன்று. 1887இலேயே குழந்தை மணத்தை எதிர்த்துப் பேசியவர் அவர். குடும்ப வழக்கம், தந்தையாரின் முதுமை, பொருள் நெருக்கடி என்று காரணங்கள் கூறுவர். ஷிலைதாவில் தம்பியோடு ஒரே பாயில் அமர்ந்து கற்ற பெண்களுக்குச் சாந்திநிகேதனின் மரநிழலில் இடம் இல்லாமற்போனதற்கு அவை எனக்குப் போதிய விடையாகத் தோன்றவில்லை. மீராவுக்கும் 1907இல், பதின்மூன்று வயதில், மணம் முடித்தார், அம்மணவாழ்வு இனிக்கவில்லை. சாந்திநிகேதனில் பெண்களுக்கு இடம் பிறந்தது அதற்குப் பின்னரே.

பள்ளி ஓராண்டு நிறைவதற்குள், 1902 நவம்பர் 23இல், மிருணாளினி மறைந்தார். அடுத்த ஆண்டு ரேணுகாவுக்குக் காசநோய். ஹசாரிபாகுக்கும், பின்னர் அல்மோராவுக்கும் மகளை அழைத்துச் சென்றார் தாகூர். தாயற்ற பிள்ளைகளை எண்ணி ‘சிசு’ தொகுதியின் பாடல்கள் பலவற்றை எழுதியது அல்மோராவில்தான். செப்டம்பரில் ரேணுகா மறைந்தாள்.

கடைக்குட்டி சமீந்திரன் தனிமையை அறியாத பிள்ளை. நினைவு தெளிந்த நாள்தொட்டு ஆசிரமத்துச் சிறுவர் கூட்டமே அவனுக்கு வீடு. 1907இன் தொடக்கத்தில், பத்து வயதில், தோழரைத் திரட்டி வசந்தத்தை வரவேற்கும் விழா ஒன்றை அவன் நடத்தினான். சாந்திநிகேதனின் பருவ விழாக்களுக்கு அதுவே முன்னோடி. அவ்வாண்டு விடுமுறையில் நண்பன் ஒருவன் வீட்டுக்கு முங்கேர் சென்றவன், வாந்திபேதி கண்டு நவம்பர் 23ஆம் நாள், தாய் மறைந்த அதே நாளில், இறந்தான்.

ரதீந்திரன் 1906இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வேளாண்மை கற்கச் சென்றார். உடன் சென்றவர் சாந்திநிகேதனில் கிடைத்த தோழர் சந்தோஷ் சந்திர மஜும்தார். பல நாட்டு மாணவரும் கூடிப் பழகும் காஸ்மாபாலிடன் சங்கத்தை அங்குத் தொடங்கியவர்களுள் ரதீந்திரரும் ஒருவர். பத்மாவின் கரையில் ஆமை முட்டை தேடிய பிள்ளை, அயல்நாட்டில் தனித்து நின்ற மாணவர்க்கு ஒரு கூடம் அமைத்துக் கொடுத்தார். 1909இல் தாயகம் திரும்பி, 1910இல் இளங்கைம்பெண்ணாயிருந்த பிரதிமாவை மணந்தார். அத்திருமணம் தந்தையின் விருப்பப்படியே நடந்தது.

பேலா கணவருடன் முஜாபர்பூரில் வாழ்ந்தார். ஷிலைதாவில் பெற்ற கல்வி வீண்போகவில்லை. அவர் எழுதிய சிறுகதைகள் வங்க இதழ்களில் வெளிவந்தன. பின்னர்க் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. மருமகனுக்கும் மாமனாருக்கும் இடையே மனவேறுபாடு முற்றியது. அந்நிலையில் காசநோய் பேலாவையும் பற்றியது. மருமகன் நீதிமன்றம் சென்றிருக்கும் பகல்வேளை பார்த்துத் தாகூர் நாள்தோறும் சென்று மகளின் படுக்கையருகே அமர்வார். சிறுமியாக இருந்தபோது கேட்டதைப் போலவே பேலா கதை கேட்பார், அவரும் சொல்வார். 1918 மே 16ஆம் நாள் வழக்கம்போல் சென்றவர், கீழேயே செய்தி அறிந்து, மாடிக்கு ஏறாமல் திரும்பிச் சென்றார்.