கிளைவின் கைத்துப்பாக்கி: விதியா, வெறும் கோளாறா?

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பெரம்பலூரைத் தாண்டியதும் ரஞ்சன்குடி கோட்டையைப் பார்த்திருப்பார்கள். பக்கத்தில்தான் வாலிகண்டபுரம். 1751-ல் அங்கே ஓர் ஆங்கிலேயப் படை பயந்து பின்வாங்கியது. அந்தப் படைக்குச் சாப்பாட்டுச் சாமான்களைக் கவனிக்கும் அதிகாரியாக வந்திருந்தவர் ராபர்ட் கிளைவ். வயது 25.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் கதை முடிந்திருக்கும், ஒரு கைத்துப்பாக்கி வெடிக்காததால் பிழைத்தார் என்று சொல்வார்கள். இந்தியாவை ஆளவே விதி அவரை விட்டுவைத்தது என்பது 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களுக்குப் பிடித்த விளக்கம். துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் விளக்கம் வேறு மாதிரி வருகிறது.

18 வயது குமாஸ்தா

1725-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்த கிளைவ், 1744-ல் சென்னையில் வந்து இறங்கினார். கப்பல் பழுதாகி பிரேசிலில் பல மாதம் மாட்டிக்கொண்டதில் கையிலிருந்த காசெல்லாம் கரைந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா வேலை, ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு. நண்பர்கள் இல்லை, வெயில் தாங்கவில்லை, கணக்கு எழுதுவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு ஒரு நாள்கூடச் சந்தோஷமாக இருந்ததில்லை என்ற பொருளில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். இன்று இதை மன அழுத்தம் என்று சட்டென்று அடையாளம் கண்டிருப்போம்.

அந்த நாட்களில் இரண்டு முறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், இரண்டு முறையும் துப்பாக்கி வெடிக்கவில்லை, பிறகு அறைக்கு வந்த நண்பர் அதையே ஜன்னலுக்கு வெளியே சுட்டதும் வெடித்தது. இதுதான் கதை. பிற்கால வாழ்க்கை வரலாறுகள் வழியாகப் பரவியது. அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நடந்திருக்க முடியாததும் இல்லை.

ஏன் வெடிக்காது?

ரிவால்வருக்கு சாமுவேல் கோல்ட் காப்புரிமை வாங்கியது 1836-ல். கிளைவ் காலத்துத் துப்பாக்கியில் ஒரு குண்டுதான். விசையை இழுத்தால், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தியல் ஓர் இரும்புத் தகட்டில் மோதும். பொறி பறந்து கீழே கிண்ணத்தில் உள்ள மருந்தில் விழும். அந்தத் தீ சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் போனால்தான் குண்டு கிளம்பும்.

இதில் எந்த இடத்திலும் வேலை கெடலாம். கல் மழுங்கியிருக்கும், தகடு தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், துளை கரியால் அடைத்திருக்கும். சென்னைக் கடற்காற்றில் மருந்து நமத்துப்போவதைச் சொல்லவே வேண்டாம். இரண்டு முறை ஏமாற்றிய கல் மூன்றாவது முறை பொறி விடுவது சாதாரண விஷயம்.

இறந்துபோன ஆங்கிலேயர்களின் உடைமைகளை ஏலம் விடுவது அன்று வழக்கம். கைமாறி வந்த துப்பாக்கியை வாங்குகிறவர் கல்லையும் தகட்டையும் பார்க்க வேண்டும், துளையில் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். முக்கியமாக, சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தினால் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நழுவினால் இடுப்பிலேயே வெடித்துவிடும். இன்று லைசென்ஸோடு பழைய ரிவால்வர் வாங்குகிறவரும், குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இதே மாதிரிதான் பார்க்கிறார்: சுத்தியல் நிற்கிறதா, உருளை ஆடுகிறதா, ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டுகிறதா.

மீண்டும் வாலிகண்டபுரம்

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, கிளைவ் உள்ளூர்க்காரர் போல வேஷம் போட்டுக்கொண்டு கடலூருக்குத் தப்பினார். மறு ஆண்டு ராணுவத்தில் சேர்ந்தார். பேனாவை விட்டதும் ஆள் மாறிவிட்டார்.

1751-ல் சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர்கள் கூட்டணி திருச்சியை நோக்கி வந்தது. ஆற்காடு நவாப் பதவிக்கு அவரோடு மோதிய முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. வாலிகண்டபுரத்தில் பீரங்கிகள் முழங்கியதும் ஆங்கிலேயச் சிப்பாய்கள் கலைந்தார்கள். கிளைவும் மற்ற அதிகாரிகளும் தடுத்துப் பார்த்தும் நடக்கவில்லை. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஓட்டம்.

அதே ஆண்டு ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார் கிளைவ். 1752 ஏப்ரலில், சமயபுரத்தில் அவரைக் குறிவைத்த குண்டு அவர் சாய்ந்து நின்ற இரண்டு சார்ஜென்டுகளைக் கொன்றது. இதற்கும் விதி என்றார்கள். அந்த இரண்டு பேரின் விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜூனில், ஓராண்டு முன்பு அவமானப்பட்ட அதே வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் அவரிடம் சரணடைந்தார்.

1757-ல் பிளாசியிலும் மருந்துதான் விஷயம். திடீர் மழையில் நவாபின் மருந்து நனைந்தது. கிளைவ் ஆட்கள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மீர் ஜாபரின் துரோகம் தனிக் கணக்கு.

கிளைவ் தூக்கிவிட்ட முகமது அலியின் படை, 1765-ல் ஆங்கிலேயர் துணையோடு அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைப் பிடித்தது. கிளைவ் பெரும் பணத்தோடு இங்கிலாந்து திரும்பி, நாடாளுமன்ற விசாரணையைச் சந்தித்து, 1774 நவம்பரில் 49 வயதில் லண்டனில் இறந்தார். தற்கொலை என்றே பலரும் நம்பினார்கள். பிறந்த ஊருக்குப் பக்கத்தில் மோர்ட்டன் சே தேவாலயத்தில், பெயர்கூடப் பொறிக்காத கல்லறையில் புதைத்தார்கள்.