கழுதை நடத்திய கருணையாளர்

போர்க்களத்தில் வீழ்ந்தாரை மறவாது போற்றுதல் எல்லா நாட்டினர்க்கும் உரிய கடனாம். ஆயினும் பல்லாயிரவரையும் தனித்தனியே நெஞ்சில் நிறுத்தல் அரிது. ஆகலின், நாடுகள் ஒருவரைத் தெரிந்தெடுத்து அவர் முகத்திலே அனைவரையும் காண விழைகின்றன. ஆஸ்திரேலிய மக்கள் அங்ஙனம் தெரிந்தெடுத்தது படைத்தலைவரை அன்று; கழுதையொன்றை நடத்திச் சென்ற எளிய ஊழியரையே. அவர் வரலாற்றை யாம் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஜான் சிம்ப்ஸன் கிர்க்பாட்ரிக் என்பார் 1892-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஸௌத் ஷீல்ட்ஸ் என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். சிறுவராயிருந்தபோது அக்கரையிற் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கழுதைகளை நடத்திக் கூலி பெற்றார். தந்தையார் இறந்தபின் கப்பல் வேலை மேற்கொண்டு, 1910-இல் ஆஸ்திரேலியாவிற் கப்பலைவிட்டு நீங்கினார். கரும்பு வெட்டியும், சுரங்கத்தில் உழைத்தும், கப்பலுலைக்குக் கரியிட்டும் பெற்ற ஊதியத்தில் ஒரு பகுதியைத் தம் அன்னையார்க்கு விடுத்து வந்தார்.

1914-இல் பெரும்போர் மூண்டது. தாய்நாடு மீளலாம் என்னும் நசையால் கிர்க்பாட்ரிக் என்ற பெயரை மறைத்துச் சிம்ப்ஸன் எனப் படையிற் சேர்ந்தார். அவர் சேர்ந்தது புண்பட்டாரைப் பேணும் மருத்துவப் பிரிவு. அப்பிரிவு இங்கிலாந்து செல்லாது எகிப்து சென்றது. ஆண்டிருந்து 1915 ஏப்ரல் 25-ஆம் நாள் துருக்கி நாட்டுக் கல்லிப்போலிக் கரையில் இறங்கிற்று.

குன்றும் பள்ளமும் செறிந்த அந்நிலத்தில் புண்பட்டாரைச் சுமந்து வருதல் பெரும்பாடாயிற்று. சிம்ப்ஸன் கழுதையொன்றைப் பிடித்து, அதன்மீது நடக்கவியலாதாரை ஏற்றிக் கரைக்குக் கொணர்ந்தார். குண்டுமாரிக்கு அஞ்சினாரல்லர். இரவில் இந்திய மலைப்பீரங்கிப் படையினரின் கோவேறு கழுதைக் கொட்டிலருகே தங்கினார். அவ்விந்தியர் அவரைப் பகதூர் என்றழைத்தனர். மே 19-ஆம் நாள் புண்பட்டாரைக் கொணருங்கால் இயந்திரத் துப்பாக்கியாற் சுடப்பட்டு மாய்ந்தார். அகவை இருபத்திரண்டு, களத்திலிருந்தது 24 நாளே.

நிற்க. மெல்போர்னில் 1936-இலும், கான்பெராவிலுள்ள போர் நினைவகத்தின் முன் 1988-இலும் அவர்க்குச் சிலை எழுந்தது. 1967-இல் வெளியிட்ட நினைவுப் பதக்கத்திலும் அவர் உருவமே பொறிக்கப்பட்டது. அவர் காத்தாரின் தொகையைப் பிற்காலத்தார் மிகைபட உரைத்தனர். விக்டோரியா சிலுவை வழங்குதல் குறித்து ஆராய்ந்த குழுவினர் 2013-இல் அதற்கு இசைந்திலர். அவர் தம் கடமையை நன்கு செய்தார் என்பதில் ஐயமில்லை; அங்ஙனமே செய்தார் பிறரும் உளர் என்பதே அவர்தம் கருத்து.

நியூஸிலாந்து ஓவியர் மூர்-ஜோன்ஸ் நிழற்படம் நோக்கி வரைந்த கழுதைவீரர் சிம்ப்ஸனே என நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மையில் அவர் ரிச்சர்டு ஹெண்டர்ஸன் என்னும் பள்ளியாசிரியர். அவர்க்கும் 1990-இல் வெல்லிங்டனில் உருவம் நிறுவப்பட்டது. கல்லிப்போலியில் மாய்ந்த இந்தியர் பெயர்களோ அந்நிலத்து ஹெல்லஸ் நினைவுத்தூணிற் பொறிக்கப்பட்டுள. அவற்றைப் படிப்பார் சிலரே.

அன்பர்காள்! ஒருவரைப் போற்றுதல் குற்றமன்று. அவர் நிழலிற் பலர் மறைந்தொழிதலே குறை. பொய்ப் புகழ் சிம்ப்ஸனுக்கு வேண்டுவதன்று. புண்பட்ட உயிரைச் சுமந்த மெய்ச்செயல் ஒன்றே சாலும். நம் இல்லங்களிலும் முன்னோர் வரலாற்றை மக்கட்கு உரைக்குங்கால், தலைவர் பெயரோடு தொண்டர் பெயரையும் உள்ளவாறே உரைப்போமாக.