தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி

தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி (மே 4, 1825 - ஜூன் 29, 1895) இங்கிலாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் ஒப்பீட்டு உடற்கூற்றியலாளரும் ஆவார். டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக வாதாடியவராகவே பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் விலங்கு இயங்கும் முறைக்கேற்ப அதன் எலும்புகள் மாறி வந்ததைப் பறவையிலும் குதிரையிலும் இவர் காட்டியதே அவ்வாதங்களினும் நிலைத்த பணி எனலாம்.

வாழ்க்கை

இலண்டனை அடுத்த ஈலிங்கில் பிறந்த இவர் பள்ளியில் பயின்றது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. மருத்துவம் கற்று, 1846 இல் ராட்டில்ஸ்நேக் என்னும் கடற்படைக் கப்பலில் உதவி மருத்துவராகச் சென்றார். 1854 முதல் இலண்டன் சுரங்கவியல் பள்ளியில் இயற்கை வரலாறு கற்பித்தார்.

பறவையின் இடுப்பு

1867 இல் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் மெகலோசோரஸ் என்னும் டைனோசரின் எலும்புகளைப் பார்வையிட்டார். தோள்பட்டையைச் சேர்ந்ததெனக் கருதப்பட்ட ஓர் எலும்பு உண்மையில் இடுப்பெலும்பு என்பது அப்போது தெளிவாயிற்று. அது பறவையினுடையதைப் போலத் தொடைமூட்டுக்கு முன்னும் பின்னும் நீண்டிருந்தது. இரு கால்களில் நடக்கும் விலங்கின் உடலைத் தாங்கும் தசைகள் பற்றிக்கொள்ள இவ்வகை நீட்சி வேண்டும். முட்டையை விட்டு வெளிவராத கோழிக்குஞ்சின் பின்கால்களையும் ஒப்பிட்டு, பறவைகள் டைனோசர்களுக்கு நெருங்கிய உறவின என 1868 முதல் எழுதினார். டைனோசர்களுக்குக் காறை எலும்பு இல்லை என்னும் தவறான எண்ணத்தால் 1926 க்குப் பின் இக்கருத்து நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. ஜான் ஆஸ்ட்ரம் 1970களில் அதை மீட்டெடுத்தார். 1996 இல் சீனாவில் இறகுபோன்ற போர்வையுடைய டைனோசரின் புதைபடிவம் அறிவிக்கப்பட்டது.

குதிரையின் கால்

குதிரையின் மூதாதையர் வரிசை ஐரோப்பாவில் தோன்றியது என ஹக்ஸ்லி முன்னர் நம்பினார். 1876 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஓ. சி. மார்ஷ் சேர்த்திருந்த புதைபடிவங்களைக் கண்டதும் அந்நம்பிக்கையைக் கைவிட்டு, அடுத்த மாதம் நியூயார்க்கில் ஆற்றவிருந்த உரையை மாற்றி எழுதினார். புகழின் உச்சியில் இருந்த ஒருவருக்கு இது எளிதன்று.

அவ்வரிசையில் பக்க விரல்கள் படிப்படியாகச் சிறுத்தன. நடுவிரல் மட்டும் நீண்டு குளம்பைத் தாங்கியது. முன்காலின் அல்னா எலும்பு ஆர எலும்போடு இணைந்தது. காலின் நுனி இலேசானால் விரைவாக வீசி ஓடலாம். ஆனால் கையைத் திருப்புவதுபோல் காலைத் திருப்ப இயலாது. இன்றைய குதிரையிலும் பக்க விரல்களின் எச்சமாக மெல்லிய இரு எலும்புகள் உள்ளன. நான்கு விரல்களும் ஐந்தாவதின் சுவடும் கொண்ட முன்கால் உடைய மூதாதை கிடைக்கும் என ஹக்ஸ்லி எதிர்பார்த்தார். அவ்வாண்டிலேயே மார்ஷ் இயோஹிப்பஸை அறிவித்தார்.

இவ்வளர்ச்சி ஹக்ஸ்லி வரைந்தது போன்ற நேர்கோடன்று, பல கிளைகளுடைய மரம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

1885 இல் ஓய்வு பெற்ற ஹக்ஸ்லி, ஈஸ்ட்போர்னில் காலமானார்.