விலக மறுத்த நீதிபதி
நெவிஸ் தீவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி (1921–2005). கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரிடித் 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர வழக்காடி வென்றவர் இவரே. உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட 10 வழக்குகளில் 9இல் வென்றார். 1966இல் நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிபதியானார். அப்பதவியை எட்டிய முதல் கறுப்பினப் பெண்.

பெண் வழக்கறிஞர்களிடம் பாகுபாடு காட்டியதாகப் பெரிய சட்ட நிறுவனமொன்றின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு 1975இல் அவர்முன் இருந்தது. கறுப்பினப் பெண், குடிமை உரிமைகளுக்காக வாதாடியவர். நடுநிலை தவறுவார், விலக வேண்டும் என்றது நிறுவனம். நமக்கும் பழகிய வாதம்தான். மோட்லி மறுத்தார். இனமும் பாலினமும் தடையெனில் எந்த நீதிபதியும் அவ்வழக்கை விசாரிக்க இயலாது, அவை எல்லோருக்கும் உண்டு என்று காரணம் எழுதினார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரை விலக்கவில்லை. 1982இல் மோட்லி, தாம் பணியாற்றிய நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.