காடு காத்த மருத்துவர் கிளெகார்ன்

காஞ்சிபுரத்தின் தென்புறத்தே, பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் செவிலிமேடு. அவ்வட்டாரத் தறிகளில் ஓடும் பட்டு நூல் எங்கிருந்து வந்தது என்று வினவினால், புழுவிடமிருந்து என்போம். புழு மல்பெரி இலையை உண்டது. இலையோ காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கதிரவன் ஒளியின் துணைகொண்டு தன் உடலாக்கிக் கொண்டது. ஆக, நேற்றுவரை காற்றில் இருந்த கரியே இன்று சேலையாகித் தறியில் கிடக்கிறது. பழஞ்சேலையைச் சரிகை வெள்ளிக்காக எரிக்குங்கால் அக்கரி மீண்டும் காற்றிற்கே போய்விடும். கோயில் கதவின் தேக்குப் பலகையிலாயின் நூற்றாண்டுகள் கடந்தும் தங்கியிருக்கும். காற்று, மரம், மண், கடல் ஆகியவற்றினிடையே இவ்வாறு இடையறாது சுழலும் கரி, எங்கே எவ்வளவு தங்குகிறது என்பதைப் பொறுத்தே புவியின் வெப்பநிலையும் பெரிதும் அமைகின்றது.

இவ்வுண்மை உலகிற்குத் தெளிவாகத் தெரியாத காலத்தே, நம் காடுகளைக் காக்க முனைந்தவர் ஹியூ கிளெகார்ன். 1820ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னையிலேயே பிறந்தவர். இளம் பருவத்திலேயே ஸ்காட்லாந்திற்கு அனுப்பப்பெற்றார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1842இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கே திரும்பினார். பின்னர் மைசூர் நாட்டுச் சிமோகாவில் பணியாற்றியபோது நாள்தோறும் ஒரு செடியை ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்து வந்தார். மருந்திற்கு மூலிகை தேடப் போனவர் காட்டின் அழிவைக் கண்டார்.

1851இல், வெப்ப மண்டலக் காடுகள் அழிவதால் விளையும் கேடுகளைப் பற்றிய அறிக்கையொன்று பிரித்தானிய அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பெற்றது. அதனை ஆக்கிய குழுவினருள் கிளெகார்னும் ஒருவர். காடழிந்தால் மழை குறையும், ஊற்றுகள் வற்றும் என்பதே அன்றைய அறிஞர் பலரின் கவலை. கரியைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

இங்கே 1856ஆம் ஆண்டினை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஆகஸ்டில் அமெரிக்கப் பெண்மணியார் யூனிஸ் ஃபுட் என்பாரின் ஆய்வுரை படிக்கப்பெற்றது. கரியமில வாயு நிறைந்த கண்ணாடிக் குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதை அவர் கண்டிருந்தார். டிசம்பரில் கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பெற்றார். இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று அன்று எவரும் கருதியிருக்க இயலாது.

ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை மரக்கட்டைகள் வேண்டும். 1850களில் சென்னை மாகாணத்தில் இதற்காக மட்டும் ஆண்டுக்குச் சுமார் 35,000 மரங்கள் வீழ்த்தப்பட்டன. எஞ்சின்களும் விறகையே தின்றன. அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு 1865இல் இருப்புப்பாதை வந்தது. சென்னையை ஒட்டிய கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு எஞ்சின் விறகும் ஒரு காரணமாகும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால் காற்றிற்குப் போன கரி திரும்பி வரும். வளராவிடில் அது கடனாகவே நிற்கும். நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிய கரி. அதனை எரித்த கடனை எந்தத் தோப்பும் விரைவில் அடைத்துவிட முடியாது.

கிளெகார்னின் பணியில் நமக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. மலைவாழ் மக்கள் புனத்தை எரித்துப் பயிரிடுவதை, கன்னட நாட்டில் குமரி எனப்படுவதை, அவர் கடுமையாக எதிர்த்தார். 1860இல் மாகாண அரசு, தன் இசைவின்றி அவ்வாறு பயிரிடுவதைத் தடை செய்தது. எரித்த புனத்தை நெடுங்காலம் தரிசாக விட்டால் காடு மீளும், கரியும் மீளும். தடை மலைமக்கள்மீது விழ, இருப்புப்பாதைக்கு மரம் தொடர்ந்து சென்றது. காட்டைக் காத்த கை, காட்டில் வாழ்ந்தோரின் உரிமையைச் சுருக்கவும் செய்தது என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் முறையாகாது. ஆயினும் அவர் இல்லையெனில் மேற்கு மலைத்தொடரின் மரங்களில் எத்துணை எஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது அச்சமே தோன்றுகிறது.

1861இல் தென்னிந்தியாவின் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதன்பின் பஞ்சாபின் காடுகளை ஆராய அழைக்கப்பெற்றார். ஓய்வு பெற்று ஸ்காட்லாந்து சென்ற பின்னரும் வனக்கல்விக்காக உழைத்து, 1895இல் மறைந்தார். மறு ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ், காற்றில் கரியமில வாயு கூடினால் புவி எவ்வளவு சூடேறும் என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420ஐக் கடந்துவிட்டது.

கிளெகார்ன் வரைவித்த செடிகளின் ஓவியங்கள் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பேணப்படுகின்றன. அவருக்காகத் தீட்டிய நம் நாட்டு ஓவியருள் கோவிந்து என்பவரின் பெயர் தெரிகிறது. சிமோகாவில் நாளொரு செடி தீட்டிய ஓவியரின் பெயரையும் எவரேனும் தேடிக் கண்டறிந்தால் மகிழ்வோம்.