ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாட்ஸ்டம் நகரில் பிறந்தார். இயற்பியல் கற்க விழைந்தார். பள்ளி ஆசிரியராகிய தந்தையாரிடம் அதற்குப் பொருள் இல்லை. ஆகவே, படைமருத்துவராகப் பணிபுரிய உடன்பட்டு, அரசின் உதவியால் மருத்துவம் பயின்றார். விழைந்த துறை பின்னர் அவரைத் தேடி வந்தது.

'ஆ', 'ஊ' என்பன ஒரே சுருதியில் ஒலிப்பினும் வேறாகக் கேட்பது ஏன்? இதனை அறிய, எட்டு இசைக்கவைகளை மின்காந்தங்களால் இடைவிடாது அதிரச் செய்தார். ஒவ்வொன்றின் முன்னும் ஒத்ததிரும் குழல் ஒன்றை வைத்து, அதன் வாயை வேண்டிய அளவு திறந்தார். மிடறும் நாவும் இல்லாத எஃகு உயிரொலி எழுப்பியது! அடுத்து, அலைகளின் கட்டத்தை, அதாவது அவை எழுந்து தாழும் நேரத்தை, முன்பின்னாக மாற்றினார். செவி வேறுபாடு உணரவில்லை. ஒலியின் பண்பு அலைகளின் வலிமையையே சார்ந்தது என 1863-இல் தம் நூலில் எழுதினார். 1894-இல் மறைந்தார்.

பிற்காலத்தில் அமெரிக்கராகிய ஹோமர் டட்லி அமைத்த வோகோடர், பேச்சை வடிகட்டிகளால் பல பட்டைகளாகப் பிரித்து ஆய்ந்து, மீண்டும் ஒலியாகக் கூட்டியது. இசைக்கருவிகளிலும் அது இடம்பெற்றது. அங்கே கட்டம் மீண்டும் தலைகாட்டிற்று. அடுத்தடுத்த வடிகட்டிகளின் எல்லையில் ஒரே அலை இரண்டின் வழியும் வெளிவரும். ஒன்று எழுகையில் மற்றொன்று தாழுமாயின், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும், குரல் மெலியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்ந்தவையோ வெவ்வேறு அதிர்வெண் உடைய அலைகள். அவை அவ்வாறு அழிவதில்லை. ஆதலின் வடிகட்டி அமைப்போர் சிலர், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டைகளின் அலையைத் தலைகீழாக்கிய பின்னரே கூட்டுகின்றனர்.