பேடன் பவல் பிரபு: சிறுவர் கைகளை நம்பியவர்

வீதியில் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து இரத்தம் பெருகக் கிடக்கிறார். கூட்டம் கூடுகிறது. ஐயோ பாவம் என்போர் பலர்; குனிந்து காயத்தை அழுத்திப் பிடிப்பார் ஒருவருமில்லை. இதற்குக் காரணம் இரக்கமின்மையன்று, கைப்பழக்கமின்மையே. அப்பழக்கத்தைப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே ஊட்டிவிடலாம் என்று கண்டு, அதற்கு வழியும் வகுத்தவர் பேடன் பவல் பிரபு. அவர்தம் வரலாற்றை நாம் சுருக்கமாகக் காண்போம்.

அவர் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் லண்டனில் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். தாயாரே அவரை வளர்த்து ஆளாக்கினார். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படிக்கையில், பாடத்தைவிடப் பக்கத்துக் காட்டிலேயே அவர் மனம் சென்றது. ஆசிரியர் கண்ணில் படாமல் அங்கே ஒளிந்து திரிந்து பலவற்றைத் தாமாகவே கற்றார். 1876ஆம் ஆண்டு குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். பின்னாளில் படைவீரருக்கு ஒற்றறியும் வித்தை பயிற்றியபோது, அவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். பெருங்கூட்டத்தில் சோம்பேறி ஒளிந்துகொள்வான். சிறு குழுவில் ஒவ்வொருவனுக்கும் வேலை உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1899 அக்டோபர் முதல் 1900 மே வரை, 217 நாட்கள், தென்னாப்பிரிக்காவின் மாபெக்கிங் நகரைப் போயர் படை முற்றுகையிட்டது. நகரைக் காத்த தலைவர் பேடன் பவல். ஆட்கள் போதவில்லை. அவருடைய துணையதிகாரி எட்வர்ட் செசில் பிரபு ஒன்பது வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களைத் திரட்டிப் படையொன்று அமைத்தார். அவர்கள் செய்தி சுமந்தனர், மருத்துவமனையில் உதவினர். முதலில் கழுதை மீதும், உணவுத் தட்டுப்பாட்டால் கழுதைகள் உணவான பின்னர்ச் சைக்கிளிலும் குண்டுமழைக்கிடையே சென்று வந்தனர். பொறுப்பை ஒப்படைத்தால் சிறுவன் அதைச் சுமப்பான் என்பதைப் பேடன் பவல் அங்கே கண்டார். அம்முற்றுகையில் கறுப்பின மக்களே பசியால் மிக வாடினர். இதற்காகப் பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் அவரைக் கடிந்து எழுதியுள்ளதையும் நாம் மறைத்தலாகாது.

தாயகம் திரும்பியபோது அவருக்கு வியப்பொன்று காத்திருந்தது. படைவீரருக்கென அவர் எழுதிய நூலைச் சிறுவர்கள் விரும்பிப் படித்துக்கொண்டிருந்தனர்! சிறுவர் படையணியை நிறுவிய வில்லியம் ஸ்மித் என்பாரும், அதனைச் சிறுவர்க்கென்றே மாற்றி எழுதுமாறு தூண்டினார். எழுதுமுன் சோதித்துப் பார்க்க எண்ணிய பேடன் பவல், 1907 ஆகஸ்ட் மாதம் பிரவுன்சீ தீவில் முகாம் ஒன்று நடத்தினார்.

செல்வர் பள்ளி மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக இருபது பேரளவில் வந்தனர். அவர்கள் ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்னும் நீர்ப்பறவை ஆகிய பெயர்களில் நான்கு அணிகளாயினர். ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனே தலைவன். முதல்நாள் இரவு நெருப்பைச் சுற்றி அமர்ந்து கதையாகக் கேட்பார்கள். மறுநாள் காலை அதையே செய்து பழகுவார்கள். பிறகு விளையாட்டாக அணிகள் போட்டியிடும். ஒரு நாள் முழுவதும் உயிர் காக்கும் பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டது. தீயில் சிக்கியவரையும் நீரில் மூழ்கியவரையும் மீட்பது எவ்வாறு, தெரு விபத்தில் செய்ய வேண்டுவதென்ன என்பனவே பாடம்.

மறு ஆண்டு வெளிவந்த அவருடைய சாரணர் நூலும் அம்முறையிலேயே அமைந்தது. இரண்டாம் வகுப்புச் சாரணனாக விரும்புகிறவன் காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றிருக்க வேண்டும் என்று விதித்தார். இரண்டு கம்புகளைக் கோட்டுக் கைகளில் நுழைத்தால் நோயாளியைத் தூக்கும் படுக்கை ஆகிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒருவன் படுக்க, இருவர் தூக்க, நாலாமவன் குறை சொல்ல, இடம் மாற்றி இடம் மாற்றிச் செய்தால்தான் அது கைக்கு வரும். படுத்தவனுக்கே, முரட்டுத்தனமாகத் தூக்கினால் எப்படி வலிக்கும் என்பது தெரியும்!

பெண்பிள்ளைகளும் விட்டுவைக்கவில்லை. 1909இல் லண்டன் பேரணிக்கு அழையாமலே வந்து நின்றனர். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி ஆக்னெஸ் தலைமையில் அவர்களுக்கும் இயக்கம் தோன்றிற்று. 1910இல் சிங்கப்பூரிலும் சாரணர் இயக்கம் வேரூன்றியது.

அவர் காலத்துச் சிகிச்சை முறைகள் சில இன்று தள்ளப்பட்டுவிட்டன. பாம்புக்கடியைக் கீறி உறிஞ்சச் சொன்னார்கள். அது தீங்கென்று இன்று அறிவோம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை. நீரில் மூழ்கியவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினார்கள். இன்று மார்பை அழுத்தி, வாய்வழி மூச்சுக் கொடுக்கிறோம். ஆகவே பழைய புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது. இக்காலப் பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும். ஆனால் சிறு அணியாய்க் கூடிச் செய்து பழகும் அந்த முறை மட்டும் பழுதாகவில்லை.

1941ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், கென்யாவிலுள்ள நியேரியில், தமது 83ஆம் வயதில் அவர் காலமானார். அவர் கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. வழியறிந்து செல்லும் சாரணர்க்கு, நான் வீடு சென்றுவிட்டேன் என்பது அதன் பொருள்.

நாம் செய்ய வேண்டுவது பெரிய காரியமன்று. ஆறு பிள்ளைகள், கட்டுத்துணி, விடுமுறை நாளில் ஒரு மாலைப்பொழுது, பழக்கித்தர ஒருவர், இவை போதும். நாளை வீதியில் விழுபவர் நம்மவராகவே இருக்கலாம். அப்போது குனிந்து உதவும் கை, இன்று பழகிய சிறுவனின் கையாக இருக்கட்டும்.